ஜனவரில ஃபுஜி மலை பாக்க போறீங்களா, இதை படிச்சிட்டு கிளம்புங்க

பெங்களூர்ல எங்க டீம்ல ஜப்பான் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் பனி இருக்கும்போதே ஃபுஜி மேல ஏறிடலாம்னு ஆரம்பிச்சிடறாங்க, தயவு செஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. ஏறுற சீசன் ஜூலைல இருந்து செப்டம்பர் 10 வரைக்கும்தான், அப்புறம் பாதைய மூடிடுவாங்க. உயரம் 3776 மீட்டர், ஜனவரில உச்சில சராசரியே மைனஸ் 18 டிகிரி, பக்கத்துல வேற மலை எதுவும் மறைக்காததால காத்து நேரா வந்து அடிக்கும், மேல இருக்கற பனி அப்படியே இறுகி கண்ணாடி மாதிரி ஆயிடும், அதுல கால் வழுக்குச்சுன்னா பிடிச்சு நிக்க ஒரு செடி கூட கிடையாது. 2019 அக்டோபர்ல ஒருத்தர் லைவ் போட்டுக்கிட்டே ஏறி, வழுக்கி விழுந்து இறந்தே போயிட்டார்.

ஆனா கீழ நின்னு பாக்கறதுக்கு குளிர்காலத்த மாதிரி வேற நேரமே இல்ல. காத்துல ஈரம் கம்மி, வானம் பளிச்சுனு இருக்கும். கோடைல நாள் கணக்கா மேகத்துக்குள்ளயே ஒளிஞ்சுக்கற மலை அது.

டோக்கியோ ஷிஞ்சுகுல இருந்து ஃபுஜி அடிவாரத்துல இருக்கற ஏரிக்கரை ஊரான கவாகுச்சிகோவுக்கு பஸ்ல சுமார் ரெண்டு மணி நேரம். காலைல போய் சாயங்காலம் திரும்பற மாதிரி பிளான் போடாதீங்க, ரெண்டு ராத்திரியாவது தங்குங்க, ஒரு நாள் மேகம் மூடினாலும் இன்னொரு நாள் கையில இருக்கும். மலை உச்சில தொப்பி மாதிரி மேகம் உக்காந்திருந்தா மழையோ பனியோ வரப்போகுதுன்னு அந்த ஊர்க்காரங்க சொல்வாங்க, அன்னைக்கு ஏரிக்கரை வேலைய தள்ளி வெச்சிடுங்க.

குளிர் விஷயத்துல நாங்க நல்லா ஏமாந்தோம். கவாகுச்சிகோ சுமார் 830 மீட்டர் உயரம்தான், நம்ம பெங்களூரே 900க்கு மேல, அதனால நந்தி ஹில்ஸுக்கு போடற ஜாக்கெட் போதும்னு நினைச்சு போனோம், ஆனா அங்க விடியக்காலைல மைனஸ் 5 கிட்ட போயிடுது. உள்ள தெர்மல், மேல ஃப்ளீஸ், அதுக்கும் மேல காத்து புகாத ஜாக்கெட், கிளவுஸ், காது மூடற குல்லா எல்லாம் வேணும். ஃபோன உள் பாக்கெட்லயே வைங்க, குளிர்ல சார்ஜ் சடசடன்னு இறங்கும். பக்கத்துல ஃபுஜியோட சேர்த்து ஃபோட்டோ எடுக்கற அஞ்சடுக்கு கோபுரமான சுரேய்தோ பகோடாவுக்கு 398 படி, பனி பெஞ்ச மறுநாள் காலைல படியெல்லாம் வழுக்கும், அதனால நல்ல கிரிப் இருக்கற ஷூ கட்டாயம்.

மலைல பாதி உயரத்துல வண்டி போற கடைசி இடமான அஞ்சாவது ஸ்டேஷன் வரைக்கும் போற சுபாரு லைன் ரோடையும் பனி விழுந்தா மூடிடுவாங்க, கிளம்பற அன்னைக்கு காலைல செக் பண்ணிக்கோங்க.

சூரியன் வர ஏழு மணி ஆயிடும், நீங்க ஆறரைக்கே ஓய்ஷி பார்க் பக்கம் ஏரிக்கரைல நின்னுடுங்க, காத்து கிளம்பி தண்ணி அலைய ஆரம்பிச்சா தண்ணில தெரியற மலையோட பிம்பம் கலைஞ்சிடும்.