காட்டு ஆர்க்கிட் கண்ணில் பட்டால்: ஒரு படம் போதாது

பூவை நேராக ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்தால், பிறகு அது எந்த இனம் என்று சொல்வது கடினம். ஆர்க்கிட்டில் வெளியே 3 புல்லி இதழ், உள்ளே 3 அல்லி இதழ். அல்லிகளில் ஒன்று மட்டும் உருமாறி உதடுபோல் நிற்கும். பெரும்பாலும் அடையாளமே அந்த உதட்டில்தான்: அதன் மடல்கள், புள்ளிகள், பின்னால் வால்போல் குழல் நீள்கிறதா என்பது. குழல் பக்கவாட்டுப் படத்தில்தான் தெரியும். ஆகவே முன்பக்கம், பக்கவாட்டு, அடி இலை, சுற்றுப்புறத்தோடு முழுச் செடி என 4 படங்கள். அளவு தெரிய அருகில் ஒரு நாணயம். வெள்ளைப் பூ படத்தில் வெளிறிப்போகும். கேமராவில் வெளிச்ச அளவை ஒரு படி குறையுங்கள். 10 மடங்கு கைலென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது.

மண்டியிடும் முன் தரையைப் பாருங்கள், பூக்காத இளஞ்செடிகள் பக்கத்திலேயே இருக்கலாம். படத்துக்காகப் புல்லைப் பிடுங்க வேண்டாம். மறைப்பு போனால் மேயும் விலங்குக்கு அது விருந்து. வேரோடு எடுத்துப் போய் நட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது, மண்ணிலுள்ள பூஞ்சையோடு சேர்ந்துதான் அது வாழ்கிறது. படத்தைப் பகிரும்போது இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். திருடுபவர்களும் பார்க்கிறார்கள்.