“எங்க நாய்க்கு வண்டியெல்லாம் பழக்கம்தான்!”

“அது ரோட்டுக்கெல்லாம் போகாதுங்க. வண்டி வந்தா தானா ஒதுங்கிடும்.” நாய் வளர்ப்பவர்களில் பாதிப் பேர் சொல்வது இதுதான். எங்கள் மணிக்கு அடிபடும்வரை நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

மணி சிப்பிப்பாறைக் கலப்பு. ஒரு நாள் காலை நடைக்குப் போனபோது எதிர்வீட்டு மதில்மேல் பூனையைப் பார்த்துவிட்டது. அது பாய, நான் சங்கிலியை இழுக்க, அது தலையைக் குனிந்து பின்வாங்க, கழுத்துப் பட்டை மட்டும் என் கையோடு வந்தது. அடுத்த நொடி மணி சாலையின் அந்தப் பக்கம் நின்றது, ஒரு கீறல்கூட இல்லாமல். பூனை மாடி ஏறிவிட்டதால் அங்கேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் இந்தப் பக்கம் நின்றபடி “மணி, வா!” என்று கத்தினேன். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை, நேராக என்னைப் பார்த்து ஓடிவந்தது. நடுவில் ஆட்டோ.

இடுப்பெலும்பு உடைந்து ஆறு வாரம் படுத்துக் கிடந்தது. ஆட்டோக்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை, மணி மேலும் இல்லை. அந்த ஒரு நிமிடத்தில் நடந்த இரண்டு தவறும் என்னுடையவை.

நாய்க்கு வண்டி என்றால் என்ன என்று அதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். வெயிலில் அது ஒரு நிழல், மழையில் ஒரு கூரை. டயர் என்பது வேறு நாய்கள் எழுதிவைத்துவிட்டுப் போன கடிதம், அதற்குப் பதில் எழுதியே ஆகவேண்டும். வேகமாக ஓடினால் துரத்த வேண்டிய முயல். மாலையில் தெருமுனையில் அந்த எஞ்சின் சத்தம் கேட்டால் அப்பா வந்துவிட்டார். இதில் எங்கேயும் ‘ஆபத்து’ என்ற அர்த்தமே இல்லை. தெரு நெரிசலில் வளர்ந்த சில நாய்கள் சாலையைக் கடக்கக் கற்றுக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் கற்றுக்கொள்ளாதவை நம் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அவை உயிரோடு இல்லை. கேட்டுக்குள் வளரும் நாய்க்கு அந்தப் பாடமும் கிடைப்பதில்லை.

கேட் திறக்கும் அந்த அரை நிமிடம்

வீட்டு நாய்க்கு அதிக ஆபத்து மெயின் ரோட்டில் என்று நினைக்கிறோம். சொந்த வீட்டு போர்டிகோவை மறந்துவிடுகிறோம். காலை எட்டரை மணிக்கு எந்த வீட்டையும் பாருங்கள். ஒருவர் காரை ஸ்டார்ட் செய்கிறார். ஒருவர் கேட்டின் கொண்டியைத் தூக்குகிறார். பாட்டி மறந்துபோன டிபன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். பிள்ளைகள் பின் சீட்டில் சண்டை. நாய் மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி வருகிறது, தன்னையும் கூட்டிப்போவார்கள் என்று. எல்லோரும் ‘நாயை அவர் பார்த்துக்கொள்வார்’ என்று இன்னொருவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கார் ரிவர்ஸில் நகர்கிறது.

பின்புறக் கேமரா இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பின்னால் நிற்பதை அது காட்டும், பக்கவாட்டில் முன்சக்கரத்துக்கு அருகே படுத்திருப்பதைக் காட்டாது. ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும்போது காரின் முன்பக்கம்தான் அகலமாக வீசி வரும், அங்கே படுத்திருக்கும் வயதான நாய்க்கு எழுந்து நகரவே நேரமாகும்.

இதற்குப் பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். முதலில் நாயைக் கட்டுவது, அல்லது வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துவது. பிறகு கேட். பிறகு சாவி. உள்ளே வரும்போதும் இதே வரிசை: ஹார்ன் அடித்ததும் ஓடிவந்து கேட்டைத் திறக்காமல், நாய் எங்கே என்று பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் கேட்டைத் திறப்பவர் “கட்டியாச்சு” என்று சத்தமாகச் சொல்லாமல் வண்டி நகராது. விருந்தாளிகள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு பழக்கமும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்: கேட் திறந்தாலும் சொல்லும்வரை வாசற்படியைத் தாண்டக் கூடாது. தினமும் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதே “இரு” என்று நிறுத்தி, “சரி” என்றதும் விடலாம். அது பழகியதும் அதே சொல்லைக் கேட்டுக்கும், கார்க் கதவுக்கும் கொண்டுபோகலாம். கார்க் கதவைத் திறந்ததும் குதித்துவிடுகிற நாய் போக்குவரத்து இருக்கும் பக்கமாகவும் குதிக்கும். லீஷை (பட்டையில் மாட்டிப் பிடிக்கும் வாரை) கையில் பிடித்த பிறகுதான் கதவையே திறக்க வேண்டும்.

பட்டை கழன்று வருவது

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மூன்றுக்குமே தலை ஒடுக்கம், கழுத்து நீளம். சாதாரணப் பட்டை காதைத் தாண்டிச் சுலபமாக வழுக்கி வந்துவிடும். இவை கண்ணால் பார்த்துத் துரத்தி வேட்டையாடப் பழக்கப்பட்ட இனங்கள். ஓடுகிற எதைப் பார்த்தாலும் உடம்பு முந்திக்கொள்ளும், காது அடைத்துக்கொள்ளும். இவற்றுக்கு மார்ட்டிங்கேல் என்ற வகைப் பட்டை கிடைக்கிறது. இழுத்தால் ஓரளவு இறுகும், கழுத்தை நெரிக்காது, கழன்றும் வராது. இல்லையென்றால் நெஞ்சையும் சேர்த்துக் கட்டும் ஹார்னஸ். எதுவானாலும் இரண்டு விரல் நுழையும் அளவுதான் தளர்வு இருக்க வேண்டும். வாங்கி மாட்டிய கையோடு வீட்டுக்குள்ளேயே பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். கழலுமானால் அது வீட்டில் கழலட்டும்.

நாய் இழுக்க இழுக்க நீளும் சுருள் லீஷ் மைதானத்துக்குச் சரி, சாலையோரத்துக்குச் சரியில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் நகரும். ஓட்டுபவர் பார்த்துப் பிரேக்கில் கால் வைப்பதற்குள் கிட்டத்தட்ட மூன்று கார் நீளம் போய்விடும். சுருள் லீஷில் நாய் மூன்று மீட்டர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நொடியில் உங்கள் கையில் எதுவும் இல்லை. ஒன்றரை மீட்டர் சாதாரண லீஷ், நாய் உங்களுக்கும் மதிலுக்கும் நடுவே, வண்டிகள் போகும் பக்கம் நீங்கள். பேட்டரி ஸ்கூட்டர்கள் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கிற இந்தக் காலத்தில் நாயின் காதை மட்டும் நம்ப முடியாது.

கடைக்குள் போகும்போது சங்கிலியை நிறுத்தியிருக்கும் பைக்கில் கட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாய் திடீரென இழுத்தால் பைக் அதன் மேலேயே சாயும். அடுத்தவர் வண்டியாக இருந்தால் இன்னும் மோசம், அவர் கவனிக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்புறம் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டே ஒரு கையில் சங்கிலியைப் பிடித்து நாயை ஓட விடுவது. அதை ‘எக்சர்சைஸ்’ என்கிறார்கள். நாயால் நிற்கவும் முடியாது, மோப்பம் பிடிக்கவும் முடியாது. சங்கிலி சக்கரத்தில் சிக்கினால் இருவருமே கீழே.

தப்பிவிட்டால்

தப்பிய நாயைத் துரத்துவதுதான் நம் முதல் உந்துதல். நாய்க்கு அது விளையாட்டு, இல்லையென்றால் பயம். இரண்டிலும் இன்னும் வேகமாகத்தான் ஓடும், அதுவும் உங்களைத் திரும்பிப் பார்த்தபடி, எதிரே வருவதைப் பார்க்காமல்.

எதிர்ப்பக்கம் நின்றால் கூப்பிடவே கூடாது. கை காட்டக் கூடாது, பிஸ்கட்டை ஆட்டக் கூடாது. அங்கேயே இருக்கட்டும். “இரு”, “உட்கார்” தெரிந்த நாய் என்றால் அதைச் சொல்லுங்கள். வண்டிகளை நிறுத்தச் சொல்லிக் கை காட்டியபடி நீங்கள்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். ஒரே பக்கத்தில் இருந்தால் குந்தி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு கூப்பிடலாம். அதற்கும் வராவிட்டால் எதிர்த்திசையில், வீட்டைப் பார்த்து, நீங்கள் ஓடுங்கள். துரத்துவது அதன் வேலையாகிவிடும்.

பிடித்ததும் ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றும். வைத்தால், ‘திரும்பி வந்தால் அடி’ என்பதுதான் அதற்குப் புரியும். அடுத்த முறை வராது.

துரத்தும் நாய்

பைக்கைத் துரத்தும் பழக்கம் ஏன் தானாக நிற்பதில்லை தெரியுமா? நாயின் கணக்கில் ஒவ்வொரு முறையும் அதுதான் ஜெயிக்கிறது. குரைத்தேன், துரத்தினேன், ஓடிவிட்டான்! வண்டி எப்படியும் போகத்தான் போகிறது என்பது அதற்குத் தெரியாது. ஒரு நாளைக்கு ஐம்பது வெற்றி கிடைக்கும்போது எதற்கு நிறுத்த வேண்டும்?

கேட்டின் கம்பி இடுக்கு வழியே தெருவைப் பார்த்துக் குரைக்க விடுவது இந்தப் பழக்கத்துக்குத் தினசரி டியூஷன் மாதிரி. இடுக்கை ஒரு தகரத்தாலோ பாயாலோ மறைத்தாலே பாதி குறையும். மீதிக்குப் பொறுமை வேண்டும். வண்டிகள் கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் நாய் பதறாத தூரத்தில் நின்று, ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் அதற்குப் பிடித்த ஏதாவது ஒரு துண்டு கொடுக்க வேண்டும். வண்டி வந்தால் நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கும்போது கொஞ்சம் நெருங்கலாம். வாரக்கணக்கில் ஆகும்.

பைக்கில் போகிறவருக்கும் ஒரு வார்த்தை: காலை உதறி, ஆக்சிலேட்டரை முறுக்கித் தப்பப் பார்ப்பவர்தான் பெரும்பாலும் விழுகிறார். மெதுவாக்கினால் அநேக நாய்கள் குழம்பி நின்றுவிடும், ஓடாத முயலை என்ன செய்வது என்று அவற்றுக்குத் தெரியாது. விழுந்தவர் புகார் கொடுத்தால் நாயின் சொந்தக்காரர் “அது கடிக்காதுங்க” என்று சொல்லித் தப்ப முடியாது. நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு, தன் வளர்ப்பு விலங்கு மனிதருக்கு ஆபத்து விளைவிக்காதபடி பார்த்துக்கொள்ளத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

நிற்கிற காரும் சும்மா நிற்பதில்லை

காருக்கு அடியில் நாயோ குட்டியோ படுத்திருக்கிறதா என்று கிளம்பும் முன் குனிந்து பார்ப்பதை எல்லோரும் சொல்வார்கள், நாலு நாள் செய்துவிட்டு விட்டுவிடுவோம். தெருவில் நிறுத்துகிறவர்கள் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, அரை நிமிடம் கொடுத்துவிட்டு எடுத்தால் நல்லது. ஹார்ன் மட்டும் போதாது. தூங்கும் குட்டி ஹார்னுக்கு ஓடாது, இன்னும் உள்ளே ஒடுங்கும்.

காரின் அடியில் சொட்டும் தண்ணீரை நாய்கள் நக்கும். ஏசி தண்ணீர் என்றால் பரவாயில்லை. பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பிசுபிசுப்பாக இருந்தால் அது கூலன்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். பெரும்பாலான கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருக்கிறது. இனிக்கும், அதனால்தான் நக்குகின்றன. 20 கிலோ நாய்க்குத் தண்ணீர் கலக்காத திரவம் 100 மில்லி போனாலே உயிருக்கு ஆபத்து. முதலில் குடித்தவன்போலத் தள்ளாடும், வாந்தி எடுக்கும். பிறகு தேறியதுபோலத் தெரியும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, சிறுநீரகம் செயலிழப்பது அதற்குப் பிறகுதான். தள்ளாட்டம் தெரியும்வரைகூடக் காத்திருக்காமல், நக்கியதைப் பார்த்த உடனேயே மருத்துவரிடம் போக வேண்டும்.

மூடிய காருக்குள் நாயை விட்டுப் போவதில் எனக்குச் சமாதானமே கிடையாது. வெளியே 35 டிகிரி என்றால் பத்து நிமிடத்தில் உள்ளே 45ஐ நெருங்கும், அரை மணியில் 50ஐத் தாண்டும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிடுவது ஆறுதல் நமக்குத்தான். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சூடான காற்றையே இழுத்து விட்டால் எதை வெளியேற்றுவது? மூக்கு சப்பையான பக், புல்டாக், ஷிட்சூ வகைகளுக்கு அந்த வழியும் அரைகுறை. உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உறுப்புகள் கெட ஆரம்பிக்கும். ஏசி போட்டுவிட்டுப் போகிறேன் என்பார்கள். எஞ்சின் அணைந்தால்? நாய் கால் பட்டு சுவிட்ச் மாறினால்? மரத்தடியில் விட்டேன் என்பார்கள். நிழல் நகரும். மயங்கிய நாயைக் கண்டால் முதல் வேலை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுவது, ஆஸ்பத்திரிப் பயணம் அதற்கு அடுத்தது. ஈரத் துணியால் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே நிற்கும்.

ஓடும் காரில் மடியில் வைத்து ஓட்டுவது வேண்டாம், முன் சீட்டும் வேண்டாம். ஏர்பேக் விரிந்தால் சின்ன நாய் தாங்காது. பின் சீட்டில் ஹார்னஸை சீட் பெல்ட்டோடு இணைக்கும் பட்டை மலிவாகவே கிடைக்கிறது. ஜன்னலில் தலை நீட்டுவது படம் எடுக்க நன்றாக இருக்கும், கண்ணில் தூசி அடிக்கும். பவர் விண்டோ சுவிட்சை நாயே மிதித்துவிடும், லாக் போட்டு வையுங்கள்.

அடிபட்டுவிட்டால்

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். மூச்சுத் திணறல், வாந்தி இல்லையென்றால் துப்பட்டாவாலோ துண்டாலோ வாயைத் தளர்வாகக் கட்டலாம். கையால் அள்ளித் தூக்காமல் பலகையிலோ, இருவர் இழுத்துப் பிடித்த போர்வையிலோ சமமாகக் கிடத்தித் தூக்க வேண்டும். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது. ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பு என்றால் கொஞ்சம் நிம்மதி, வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மணி அடிபட்டதும் எழுந்து மூன்று காலில் நடந்தது, வாலைக்கூட ஆட்டியது. ‘ஒன்றுமில்லை, பயந்துவிட்டது, அவ்வளவுதான்’ என்று கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். ஒருவர் மட்டும் விடாப்பிடியாக, ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்றார். நுரையீரலில் அடிபட்டாலோ, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் கிழிந்தாலோ, சில நாய்கள் மறுநாள்தான் மூச்சுக்குத் திணறத் தொடங்கும். அதனால் நடக்கிற நாயையும் அன்றைக்கே காட்டிவிடுவது, ஓரிரு நாள் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பது. தூங்கும்போது நிமிடத்துக்கு 30க்கு மேல் போய்க்கொண்டே இருந்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள்.