ஆல்ப்ஸில் எரிந்த டயர் விளக்கு

ம்யூனிக்கில் எடுத்த வாடகைக் காரில், ஆஸ்திரியா-இத்தாலி எல்லையிலுள்ள பிரென்னர் கணவாய்க்கு முந்தைய குளிர்காலையில் டயர் காற்று விளக்கு எரிந்தது. பஞ்சர் இல்லை, வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அழுத்தம் சுமார் 0.1 பார் (காற்றழுத்த அலகு) குறையும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்திலோ, பெட்ரோல் மூடிக்குள்ளோ டயர் அழுத்த ஸ்டிக்கர் இருக்கும். குறைந்த சுமை, முழுச் சுமை என இரண்டு அளவுகள். இருவரும் நான்கு பெட்டியும் என்பதால் முழுச் சுமை அளவையே எடுத்தேன். அங்கே பெட்ரோல் நிலையக் காற்றுப் பம்ப் காட்டுவது பார்; பிஎஸ்ஐ பழகியவர்களுக்கு 1 பார் = 14.5 பிஎஸ்ஐ. டயர் ஆறியிருக்கும்போதே பிடிக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும், நம்பினால் காற்று குறைவாகவே நிற்கும்.

காற்று பிடித்தும் விளக்கு அணையவில்லை. பல கார்களில் வால்வுக்குள் சென்சார் கிடையாது. ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சக்கரச் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் ஊகிக்கிறது. திரை மெனுவில் டயர் பகுதிக்குப் போய் புதிய அழுத்தத்தைச் சேமித்தேன், அணைந்தது. காற்று பிடிக்குமுன் சேமித்துவிடாதீர்கள், குறைந்த அழுத்தத்தையே சரியென்று கற்றுக்கொள்ளும்!

மறுநாள் காலை ஒரே டயர் மட்டும் மீண்டும் இறங்கியிருந்தால் ஆணியோ வேறு கசிவோ இருக்கலாம். பஞ்சர் அடைப்புத் திரவத்தை டயருக்குள் ஊற்றுமுன் வாடகை நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள்.