கரன்ட் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு

வடசென்னையில் எங்கள் கொருக்குப்பேட்டையில் கரன்ட் வேலை தெரிந்த பையன்களுக்குப் பஞ்சமில்லை. மேஸ்திரி கூடவே போய், சுவர் உடைத்து, பைப் பதித்து, இருபது வயதுக்குள் ஒரு வீட்டுக்கு முழு ஒயரிங்கும் இழுத்துவிடுகிறார்கள். ஆனால் மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனி கேட்டில் போய் நின்றால், "பி லைசென்ஸ் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அதாவது அரசு தரும் ஒயர்மேன் தகுதிச் சான்றிதழ். இல்லையென்றால் நாற்பது வயதிலும் ஹெல்பர் கூலிதான். நான் ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து முடித்து, கம்பெனியில் அப்ரண்டிஸாக வேலை பழகி, பி எடுத்து, இப்போது ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். அங்கே வரும் அப்ரண்டிஸ் பிள்ளைகளிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். எட்டாவது மட்டும் முடித்தவர்களுக்கு ஒயர்மேன் பிரிவு இருக்கிறது. வடசென்னை, அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.களை முதலில் பாருங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனி. பெண் பிள்ளைகள் இந்தப் பிரிவுக்குத் தயங்காமல் வர வேண்டும். சுவிட்ச், ஃபியூஸ் எல்லாம் பொருத்திய பேனல் பெட்டி வேலைக்கு வேண்டியது பொறுமையும் கவனமும்தான்.

அடுத்தது அப்ரண்டிஸ். இது 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி நடப்பது. ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீஷியனுக்கு ஒரு வருடம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். அதனால் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பதிவு செய்துவிட்டு, நேரிலும் போய் மனிதவளப் பிரிவில் விசாரியுங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் அறிவிப்பையும் தவறவிடாதீர்கள். அங்கே பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் பட்டியல் போடுகிறார்கள்.

சேருகிற அன்றே ஒன்றைச் சரிபாருங்கள்: உங்கள் ஒப்பந்தம் அந்தத் தளத்தில் பதிவாகியிருக்கிறதா? "டிரெய்னி" என்று வாயால் சொல்லி ஒரு வருடம் வேலை வாங்கிக்கொண்டு அனுப்பினால், தேசிய பழகுநர் சான்றிதழ் கிடைக்காது. இப்படி ஏமாந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. 2019 விதிகளின்படி ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். இப்போது எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு கொடுப்பது நிறுவனத்தின் கடமை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று மட்டும் சட்டத்தில் இல்லை.

சில இடங்களில் பெருக்கவும், சுமக்கவும், டீ வாங்கவும் அனுப்புவார்கள். கொஞ்ச நாள் சரி. அப்புறம் சூப்பர்வைசரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "சார், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் பிரிக்கும்போது என்னைக் கூப்பிடுங்க." பெரிய மோட்டாரை ஓடவிடும் கருவி அது. மோட்டாரில் கரன்ட் கசிகிறதா என்று பார்க்கும் மெக்கர் மீட்டரை வைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எர்த் கம்பி மண்ணில் இறங்கும் குழியை, அதாவது எர்த் பிட்டை, அளக்கும்போது ஒயரைப் பிடிக்கவாவது போங்கள். செய்த வேலையை அன்றன்றே டைரியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதினால் பாதி மறந்துபோகும்.

இப்போது உயிர் விஷயம். மெயினை ஆஃப் செய்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், உங்கள் மேஸ்திரியே சொன்னாலும். டெஸ்ட் லேம்பையோ மீட்டரையோ முதலில் கரன்ட் இருக்கிற இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு நீங்கள் தொடப்போகும் இடத்தில் வையுங்கள். மறுபடியும் கரன்ட் இருக்கிற இடத்தில் வையுங்கள். முதலிலும் கடைசியிலும் கரன்ட் காட்டி, நீங்கள் தொடப்போகும் இடத்தில் காட்டாமல் இருந்தால்தான் கை வைக்கலாம்.

நம் ஊருக்கென்று ஒரு ஆபத்து உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று. எர்த் கம்பியின் கிளாம்ப் இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பொரிந்துவிடும். வெளியே பார்த்தால் கம்பி இருக்கும், உள்ளே தொடர்பு இருக்காது. ராயபுரம் பழைய வீடுகளில் எர்த்தே இல்லாமல், பிளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து வைத்திருப்பார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜ் உடம்பு முழுக்க 230 வோல்ட். வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். தனி எர்த் போட்டு, கரன்ட் கசிந்தால் தானே ஆஃப் ஆகும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் மாட்டச் சொல்லுங்கள். வியாசர்பாடி மாதிரி தண்ணீர் நிற்கும் இடங்களில் பிளக் பாயின்ட்டை உயரத்தில் வையுங்கள்.

அப்ரண்டிஸ் முடிந்ததும் அகில இந்தியத் தொழில் தேர்வு, தேறினால் தேசிய பழகுநர் சான்றிதழ். அதையும் ஐ.டி.ஐ. சான்றிதழையும் வைத்து, கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் ஒயர்மேன் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாம் பி என்று சொல்வது இதைத்தான்.

ஐ.டி.ஐ. பக்கமே போகாமல் மேஸ்திரியிடம் கற்றவர்களுக்கும் வழி இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுகாண் தேர்வு, அதாவது நாம் எச் லைசென்ஸ் என்று சொல்லும் ஒயர்மேன் ஹெல்பர் சான்றிதழுக்கான தேர்வு. ஒயரிங்கில் 5 வருட அனுபவம் வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், உச்ச வயது வரம்பு கிடையாது. அறிவிப்பு வந்ததும் அரசு ஐ.டி.ஐ.யில் போய்க் கேளுங்கள். அனுபவச் சான்றைக் கடைசி நேரத்தில் தேடாமல், லைசென்ஸ் வைத்திருக்கும் கான்ட்ராக்டரிடம் இப்போதே பேசிவையுங்கள்.