சிறு செயற்கைக்கோள் தொலைநோக்கி: உணரியின் வெப்பநிலை ஆடாமல் வைக்க

கோவை, ஈரோடு கல்லூரிக் குழுக்கள் பெரும்பாலும் "எவ்வளவு குளிர்விக்கலாம்" என்று தொடங்குகின்றன. எவ்வளவு ஆடாமல் வைக்கலாம் என்று தொடங்குங்கள். படம் பிடிக்கும் சிலிக்கான் உணரியில் ஒளியே படாமல் சேரும் இருட்டு மின்னோட்டம் சுமார் 6–7 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரு டிகிரி நகர்ந்தால் பத்து சதவீதம் மாறிவிடும். ஒளியை மூடி எடுத்த இருட்டுப் படத்தைக் கழித்தாலும் கணக்கு ஒட்டாது. 550 கி.மீ. உயரத்தில் சுமார் 95 நிமிடத்துக்கு ஒரு சுற்று. வெயிலும் நிழலும் மாறி மாறி அடிப்பதால் இந்த ஆட்டம் வந்தே தீரும்.

உணரியை மைனஸ் 40-ல் நிறுத்த வேண்டுமா? மிகச் சூடான கட்டத்திலும் மைனஸ் 45-ஐத் தொடும்படி, வெப்பத்தை விண்ணுக்கு வெளியேற்றும் தகடான ரேடியேட்டரை அளவெடுங்கள். மீதி 5 டிகிரியைச் சிறு ஹீட்டர் ஏற்றட்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் ஹீட்டருக்குக் கட்டுப்படுத்த ஒன்றுமே இருக்காது. நல்ல வெள்ளைப் பூச்சுள்ள 100 சதுர செ.மீ. தகடு மைனஸ் 45-ல் சுமார் 1.3 வாட் வெளியேற்றும். பூமி கண்ணில் பட்டால் அது வெகுவாகக் குறையும். தகட்டை எப்போதும் வெறும் வானத்தைப் பார்க்க வையுங்கள்.

உணரித் தாங்கிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே வெப்பம் கடத்தச் செம்புப் பின்னல் பட்டை. மோட்டார் கட்டும் கடைகளில் கிடைக்கும் வெள்ளீயம் பூசிய பின்னல் வேண்டாம். வெறும் வெள்ளீயப் பூச்சில் மெல்லிய உலோக இழைகள் வளர்ந்து ஷார்ட் ஆக்கும். பட்டறையில் திருகுகளுக்குக் கேட்காமலே துத்தநாக முலாம் போடுவார்கள். வெற்றிடத்தில் அதுவும் ஆகாது. எவர்சில்வர் என்று எழுதியே கொடுங்கள்.

வெப்பநிலை அளக்கும் பிடி1000 (Pt1000) உணர்விகள் இரண்டைத் தாங்கியிலேயே பொருத்துங்கள். ரேடியேட்டரில் அளந்து ஹீட்டரை ஓட்டினால் உணரி பின்தங்கி ஆடும். ஹீட்டரை அணைத்து அணைத்துப் போடாமல் மின்சாரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் குறையுங்கள். இல்லையேல் அந்த வெட்டு படத்தில் கோடாகத் தெரியும்.

விண்ணுக்குப் போனதும் உடனே குளிர்விக்காதீர்கள். பசையிலிருந்தும் சர்க்யூட் பலகையிலிருந்தும் கசியும் நீராவி, குளிர்ந்த உணரிமேல்தான் உறையும். சில நாட்கள் உணரியைச் சூடாகவே வையுங்கள். கதிர்வீச்சால் 'சூடான பிக்சல்கள்' (இருட்டு மின்னோட்டம் மிகுந்த புள்ளிகள்) பெருகும் என்பதால் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் மைனஸ் 83 டிகிரி சிசிடி உணரியை ஏறக்குறைய மாதம் ஒருமுறை அறை வெப்பத்துக்கு ஏற்றுகிறார்கள்; பல பிக்சல்கள் குணமாகின்றன. உங்கள் ஹீட்டருக்கும் அந்தத் தெம்பு இருக்கட்டும்.

சோதனையை வெற்றிடக் கலனில், 10⁻⁵ மில்லிபார் அழுத்தத்துக்குக் கீழே செய்யுங்கள்; காற்றில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் ஈரக்காற்று அடிக்கும்போது கலனை அவசரப்பட்டுத் திறந்தால் உணரி நனையும். உணரியை அறையைவிட 5 டிகிரி மேலே ஏற்றி, உலர் நைட்ரஜன் விட்டபின் திறவுங்கள். 95 நிமிடச் சுழற்சியை வரிசையாக ஓட்டி, எல்லாவற்றிலும் ±0.1 டிகிரிக்குள் நின்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.