ராஜகால்வாய் ஓரம் சைக்கிளில் செல்வோருக்கு

பக்கிங்காம் கால்வாயில் படகுகளைக் கரையில் நடந்தபடியே கயிற்றால் இழுத்துச் சென்ற காலம் ஒன்று இருந்தது. பெங்களூரின் ராஜகால்வாய்கள் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. ஓர் ஏரி நிரம்பியதும் மிகுநீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுசெல்ல ஏற்பட்டவை அவை. படகுக்காரர் நடந்து தேய்த்த கரைப்பாதை இங்கே இல்லாததால், கால்வாயை விட்டு விலகிச் சந்துகளில் புகுந்து மீண்டும் அதைப் பிடிப்பதாகவே பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

முதல் முயற்சிக்குக் கோரமங்கலா பள்ளத்தாக்குக் கால்வாயே ஏற்றது. இன்றைய மெஜஸ்டிக் பேருந்து நிலையம் ஒருகாலத்தில் தர்மாம்புதி ஏரியாக இருந்த இடம். அப்பகுதியில் தொடங்கும் இக்கால்வாய் சாந்திநகர், ஈஜிபுரம் வழியாகப் பெல்லந்தூர் ஏரியை அடைகிறது. கே-100 என்ற திட்டத்தின்கீழ் இதன் கரையில் சில பகுதிகளில் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். அது நடப்பவர்களுக்கானது, கூட்டம் இருந்தால் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வதே முறை. வேலியோ குடியிருப்போ வழியை மறித்தால் கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்பாமல், ‘ஈ தாரி முந்தெ ஹோகுத்தா?’ (இந்த வழி மேலே போகுமா?) என்று கன்னடத்தில் கேட்டுவிடுங்கள். சாந்திநகர்ப் பக்கத்தில் பெரும்பாலும் பதில் தமிழிலேயே வரும்.

தண்ணீர் போகும் திசையில் போவதால் செல்லும்போது பெரும்பாலும் இறக்கமாகவே இருக்கும். அந்த உற்சாகத்தில் தூரத்தைக் கூட்டிவிட்டால், வெயில் ஏறிய பிறகு ஏற்றத்தில் திரும்ப நேரும். விடிந்ததும் புறப்படுவதும், பாதித் தண்ணீரைத் திரும்பும் வழிக்கென்று மிச்சம் வைப்பதும் நல்லது.

வண்டியைப் பொறுத்தவரை, மெல்லிய பந்தயச் சக்கரங்களைத் தவிர்த்துவிடுங்கள். வடிகால் மூடிகளின் இரும்புக் கம்பிகள் சில இடங்களில் சாலைக்கு இணையாகவே ஓடுகின்றன. மெல்லிய டயர் அந்த இடுக்கில் இறங்கினால் ஓட்டுபவர் முன்னால் தூக்கி எறியப்படுவார். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போதும், கியர் அவ்வளவு முக்கியமில்லை.

மழை விஷயத்தில் மட்டும் துணிச்சல் காட்ட வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களின் மாலை இடிமழையிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் கனமழையிலும், நகரம் முழுவதும் சிமெண்டாகிவிட்டதால் மண்ணில் இறங்க வழியற்ற நீர் நிமிடக் கணக்கில் கால்வாய்க்கு வந்து சேர்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாதபோதும் மேற்பகுதியில் பெய்த மழை வந்துவிடக்கூடும். வானம் இருண்டால் உடனே கரையை விட்டுச் சாலைக்கு ஏறிவிடுங்கள்.

தொழிற்பேட்டையைப் பார்க்க விரும்புவோர் பீன்யாவுக்கு ஞாயிறு காலையில் போகலாம். துமகூரு சாலையில் லாரிகளோடு போட்டியிடாமல் உட்தெருக்களைப் பிடிப்பது நலம். அங்கிருந்து கழிவு சென்று சேரும் விருஷபாவதி ஆற்றின் ஓரமாக ஓட்டும்படி யாருக்கும் நான் சொல்வதில்லை; மைசூரு சாலையில் அதன் நாற்றமே காரணம் சொல்லிவிடும்.

பெல்லந்தூரும் மணமாக இருக்காது. சோப்புக் கழிவு கலந்த சாக்கடை நீரால் நுரை பொங்கிச் சாலைவரை பறந்த ஏரி அது. 2017 பிப்ரவரியில் தீப்பற்றியும் எரிந்தது. காற்றடிக்கும் நாளில் முகத்துணி தேவைப்படும். ஆனாலும் கரையில் சிறிது நேரம் நின்று பாருங்கள்: நீங்கள் கூடவே வந்த இந்த நீர் வர்த்தூர் ஏரியைக் கடந்து தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை வழியாகக் கடலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.