நடவு வயலை வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்டர்கலர் பழகுகிறவர்களில் பாதிப் பேராவது ஒரு கட்டத்தில் நடவுப் பெண்களை வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். உடல் விகிதம், தூரம் காட்டுவது எல்லாம் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நட்டதையே மிதிக்க வைப்பது

நடவு ஆட்கள் பின்னோக்கித்தான் நகர்வார்கள். நட்ட நாற்று அவர்களுக்கு எதிரே நிற்கும். நடாத சேறு முதுகுப் பக்கம் கிடக்கும். வீசிப்போட்ட நாற்று முடிகளும், அதாவது நாற்றுக் கட்டுகளும், அந்தப் பக்கம்தான், பின்னால் வர வரக் கைக்கு எட்டும்படி. அறுவடையில் இது அப்படியே மாறும், முன்னோக்கி அறுத்துக்கொண்டே போவார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல், எதிரே வெறும் சேற்றையும் பின்னால் வரிசை வரிசையாகப் பயிரையும் வரைந்துவிடுகிறார்கள். ரெஃபரன்ஸ் போட்டோவில் ஆட்கள் மட்டும் இருப்பார்கள். சுற்றியுள்ள வயலைக் கற்பனையில் நிரப்பும்போதுதான் இது நடக்கிறது.

என்னிடம் பழகும் பையன் ஒருவன் 22x30 அங்குலக் காட்டன் தாள் முழுவதும் இப்படி வரைந்து முடித்து, ஊரில் நடவுக்குப் போகிற தன் அத்தையிடம் காட்டினான். "ஏன்டா, நட்டதையெல்லாம் மிதிச்சுக்கிட்டு நிக்கிறாளுங்க?" என்று கேட்டாராம். ஈரத் தூரிகையால் பயிரை எடுக்கப் பார்த்தான். பயிருக்குப் போட்டிருந்தது தாலோ பச்சை, அது தாளில் ஏறினால் இறங்காது. தேய்த்துத் தேய்த்துத் தாள்தான் நார் நாராக எழும்பியது.

எனக்கு எரிச்சல் வருவது தாளுக்காக மட்டுமில்லை. அந்தப் பெண்கள் நாள் முழுக்கச் செய்யும் வேலை எப்படி நடக்கிறது என்று ஒருவரிடமும் கேட்காமல், சேலை நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது சரியில்லை. பென்சில் கோடு போடும் முன் தாளின் ஓரத்தில் அவர்கள் நகரும் திசைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். இடது கையில் நாற்று முடி, வலது கை விரல்கள் சேற்றுக்குள். அப்புறம் மற்றது.

எல்லா முகத்தையும் காட்டுவது

குனிந்து நடுகிறவர் முகம் தெரியாது. அதற்காக ஒருவரை நிமிர்த்தி நம்மைப் பார்த்துச் சிரிக்க வைத்தால் வேலை நின்றுவிடும். பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857இல் வரைந்த கதிர் பொறுக்கும் பெண்களைப் பாருங்கள். இருவர் தரையோடு குனிந்திருக்கிறார்கள், மூன்றாமவர் பாதி நிமிர்ந்த நிலை. மூவர் முகமும் சரியாகத் தெரியாது. இடது ஓரத்துப் பெண்ணின் ஒரு கை இடுப்புக்குப் பின்னால் மடங்கியிருக்கிறது பாருங்கள், அந்தக் கையே முதுகு படும் பாட்டைச் சொல்லிவிடுகிறது.

அடர் பச்சை

நட்ட அன்று நாற்று வெளிறித் துவண்டுதான் நிற்கும், பச்சை பிடிக்க ஒரு வாரமாவது ஆகும். எலுமிச்சை மஞ்சளில் துளி பச்சை கலந்தால் போதும். இடைவெளியில் தெரிகிற நீரில் வானத்தின் நிறம் இருக்கட்டும்.

உடை

பலர் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். அழகுக்காக அதைக் கழற்றாதீர்கள்.

இடுப்பில் குடம்

நடவு வயலுக்குள் வேண்டாம்.